பழைய மாணவியர் பட்டியலில் பதினொரு பெயர்கள்தானா?

3 ஆகஸ்ட் – புதுவயல் வாசகி ஒருவரின் கேள்வி

எங்கள் பெண்கள் பள்ளியின் பவள விழா மலரில் "புகழ்பெற்ற பழைய மாணவியர்" என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். பதினொரு பெயர்கள்தாம் தேறின. ஆண்கள் பள்ளி மலரில் இதே பகுதி ஆறு பக்கம் ஓடியது. எழுபத்தைந்து ஆண்டுகளில் பதினொரு பேர்தானா மேலே வந்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

3 ஆகஸ்ட், இரவு – என் பதில்

அந்தப் பட்டியலைத் தொகுத்த குழுவில் நானும் இருக்கிறேன். ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. பள்ளியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். பதினொருவரில் மருத்துவர்கள் நால்வர், கல்லூரிப் பேராசிரியைகள் மூவர், வழக்கறிஞர் ஒருவர், சார்பதிவாளர் ஒருவர், செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர், எஞ்சியவர் ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினரின் மனைவி. இவர் தாமாக என்ன செய்து புகழ்பெற்றார் என்று கூட்டத்தில் கேட்டேன். அதற்குள் காபி வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு என் விடை எளியது. எட்டாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அதனால் ஆளில்லை.

4 ஆகஸ்ட், காலை

நேற்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் ஏராளம் என்பது மெய்தான். ஆனால் நான் பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யை 1976-இல் முடித்தேன். என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் தேர்வெழுதினோம். அவர்களில் பதினான்கு பேர் கல்லூரிக்குப் போனது எனக்கே தெரியும். எங்கள் ஒரு வகுப்பிலேயே பதினான்கு பேர் என்றால் பள்ளி முழுமைக்கும் பதினொன்று என்ற கணக்கு எப்படி ஒத்துவரும்? கூட்டலில் எங்கோ பிழை இருக்கிறது.

6 ஆகஸ்ட்

மலரின் அட்டையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படத்தைப் போடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். "நம் பக்கத்துப் பெண்கள் கல்வியின் பெருமை" என்று நானும் கைதூக்கினேன். "அவருக்கும் உங்கள் பள்ளிக்கும் என்ன தொடர்பு?" என்று கண்டனூரிலிருந்து ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். எங்கள் பள்ளிக்கு நூறடி தூரத்தில்கூட அவருக்கு வேலையில்லை. அதைவிட முக்கியமானது, அவரைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டது பெண்கள் கல்விக்கூடம் அன்று. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்களுக்கானது. மற்ற மாணவர்களின் பெற்றோர்கள் எதிர்த்தபோதும் தொண்டைமான் மன்னர் அனுமதி கொடுத்ததால்தான் அவர் உள்ளே போனார். ஆகவே அவர் ஓர் ஆண்கள் கல்லூரியின் "பழைய மாணவி". அட்டைப் படத்தைக் கைவிட்டுவிட்டோம்.

6 ஆகஸ்ட், பிற்பகல்

அட்டைப் படம் போனாலும் அவர் என்னை விடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் 1907-இல் சேர்ந்தார், 1912-இல் பட்டம் பெற்றார். டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தது 1914-இல். அப்படியானால் படித்த காலத்தில் அவர் பெயரில் "ரெட்டி" இருந்திருக்க முடியாது. அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியவரை, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தவரை, உலகம் அறிந்த பெயரைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கல்லூரியின் பதிவேட்டில் தேடினால் என்ன கிடைக்கும்? "அப்படி ஒருவர் இங்கே படிக்கவில்லை" என்ற விடைதான் கிடைக்கும்.

நாங்களும் அப்படித்தான் தேடினோமோ என்று ஒரு சந்தேகம்.

9 ஆகஸ்ட்

சந்தேகம் தீர்ந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இன்று பள்ளி அலுவலகத்தில் குழுவின் சரிபார்ப்புத் தாளை எடுத்துப் பார்த்தேன். சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை ஓர் இளம் ஆசிரியை கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தொடர்பில் உள்ளார்", "காலமானார்", "தகவல் இல்லை" என்று குறித்திருந்தார். 1976 வகுப்பில் இருபத்தாறு பேருக்கு எதிரே "தகவல் இல்லை". பட்டியலைக் கீழே வாசித்துக்கொண்டே வந்தால், சு. என்ற என் தந்தையாரின் முதலெழுத்தோடு என் பெயர் நிற்கிறது. எதிரே "தகவல் இல்லை". அந்த ஆசிரியை எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் இரா. என்ற கணவரின் முதலெழுத்தோடு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். வாரம் இரு முறை வந்து அவருடைய மேசையில் கணக்குப் பார்ப்பவள்.

"அம்மா, இது நீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

10 ஆகஸ்ட்

தேவகோட்டை வாசகி, "இதற்கு இவ்வளவு நாடகமா? எல்லா ஊரிலும் பெண்கள் முதலெழுத்தை மாற்றத்தானே செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். மாற்றுகிறார்கள். ஆனால் செட்டிநாட்டில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வேற்றூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் முதலெழுத்து என்பது தந்தை பெயர் ஒன்றோடு முடிவதில்லை. பாட்டன், பூட்டன் பெயர்களின் தலையெழுத்துகள் வரிசையாகச் சேர்ந்த விலாசம் அது. அதைச் சொன்னால் ஊரும் வீடும் தெரிந்துவிடும். பெண்ணுக்குக் கழுத்தில் திருப்பூட்டியதும் விலாசம் மட்டும் மாறுவதில்லை, கோயிலும் மாறிவிடும். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்ற நகரத்தாரின் ஒன்பது குலப்பிரிவுக் கோயில்களில் பிறந்த வீட்டுக் கோயிலை விட்டுக் கணவர் கோயிலுக்குப் போய்விடுகிறாள். கோயிலின் புள்ளிக் கணக்கில் (திருமணமான குடும்பங்களின் எண்ணிக்கையில்) அவள் கணவரோடு சேர்ந்து ஒரு புள்ளி. பிறந்த வீட்டு ஏட்டில் அவளுக்கு வரி கிடையாது.

இதோடு பெயரும் காலை வாரும். பாட்டி பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கத்தால் எங்கள் வகுப்பில் மீனாட்சி நால்வர், வள்ளியம்மை மூவர். மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பெற்ற தாயே மகளை அந்தப் பெயரால் அழைக்கமாட்டாள். வீட்டுக்கு ஒரு செல்லப்பெயர். பள்ளியில் எங்களுக்குத் தெரிந்தது அந்தச் செல்லப்பெயர், பதிவேட்டுக்குத் தெரிந்தது பாட்டி பெயர், ஊருக்குத் தெரிந்தது "இன்ன வீட்டு ஆச்சி". ஒரே பெண், மூன்று பெயர்கள், மூன்றையும் ஒருசேர அறிந்தவர் எவருமில்லை.

நான் நகரத்தார் இல்லை. என் தந்தையார் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியதால் இவையெல்லாம் காதில் விழுந்தன. தவறிருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

11 ஆகஸ்ட்

திருத்தம் வந்துவிட்டது. "வரி கிடையாது என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள், தாய்வீட்டுச் சீர் மகளுக்கு வாழ்நாள் முழுவதும் போகிறது, அந்தச் சிட்டைகளில் அவள் இருக்கிறாள்" என்று கண்டனூர் வாசகர் எழுதுகிறார். ஒப்புக்கொள்கிறேன். பள்ளி ஏட்டைவிடச் சீர்ச் சிட்டை அவளை நன்றாக நினைவு வைத்திருக்கிறது.

12 ஆகஸ்ட்

பெயர் மாறாதவரைத் தேடுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தாவரவியலாளர் இ. கே. ஜானகி அம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்து சென்னை இராணி மேரிக் கல்லூரியில் படித்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நடத்தியவர். அவருடைய முதலெழுத்துகள் எடவலத்து கக்காட்டு என்ற தறவாட்டின் (கேரளத்துக் குடும்ப வீட்டின்) பெயர். அவர் மணம் செய்துகொள்ளவுமில்லை. ஆகவே 1914-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் பெருமைப் பட்டியலில் அவரைச் சேர்க்க எவரும் துப்பறிய வேண்டியதில்லை.

காந்திகிராமம் தொடங்கிய சௌந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், இளமையிலேயே கணவரை இழந்தார், தில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார், 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். நாம் அறிந்த சௌந்தரம் ராமச்சந்திரன் என்ற பெயர் படிப்பெல்லாம் முடிந்த பிறகு வந்தது.

"மணம் செய்யாதே என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, என் கணவர் இதை வாசிப்பார்.

15 ஆகஸ்ட்

கொடியேற்றத்துக்குப் போன இடத்தில் ஆண்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்காரர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர்களுடைய ஆறு பக்கத்தில் படிப்பை முடிக்காமல் போனவர்களுக்கும் இடமுண்டா என்று கேட்டேன். "எட்டாம் வகுப்பு வரை படித்தாலும் எங்கள் பிள்ளைதானே" என்றார். உடனே கவிஞர் கண்ணதாசனை எடுத்துக்காட்டினார்.

அது நல்ல எடுத்துக்காட்டு. அவர் நினைத்ததைவிட நல்லது. சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்தபோது அவர் பெயர் முத்தையா. சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனார். எழுத வந்தபிறகு கண்ணதாசன். அமராவதிபுதூரில் எட்டாம் வகுப்போடு அவருடைய பள்ளிப்படிப்பு முடிந்தது. மூன்று பெயர்கள், வீடும் மாறியாயிற்று, படிப்பும் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிப் பெண்ணுக்கு இருக்கும் "குறைகள்" அத்தனையும் அவருக்கும் இருந்தன. ஆயினும் அமராவதிபுதூர்க்காரர்கள் அவரைத் தொலைத்துவிடவில்லை. எட்டாம் வகுப்போடு போன பெண்ணின் வரிக்கு எதிரே எங்கள் பதிவேட்டில் சிவப்பு மையில் "இடைநின்றவர்" என்று இருக்கிறது.

முதல் நாள் இரவு "எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதனால் ஆளில்லை" என்று எழுதினேன் அல்லவா? மிச்சமிருந்த பாதியையும் இப்போது திரும்பப் பெறுகிறேன்.

16 ஆகஸ்ட்

கோட்டையூர் வாசகர் ஒருவர் திருமண அழைப்பிதழ்களைத் தேடச் சொல்கிறார். அருமையான யோசனை. பிறந்த வீட்டு விலாசம், ஊர், புகுந்த வீட்டு விலாசம், ஊர் எல்லாம் ஒரே தாளில் ஒன்றாக நிற்பது அழைப்பிதழில்தான். அவர் ஊர்க்காரரான ரோஜா முத்தையா, பிறர் குப்பை என்று எறிந்தவற்றையெல்லாம் சேர்த்து வைத்தவர். புத்தகங்களோடு அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் வீட்டில் குவிந்திருந்தன. 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய் ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. எங்கள் பள்ளியில் அழைப்பிதழ் வந்தால் அறிவிப்புப் பலகையில் இரண்டு நாள் இருக்கும். பிறகு அதன் பின்பக்கம் மதிப்பெண் கூட்டப் பயன்படும்.

21 ஆகஸ்ட்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பித்தளை விளக்கு ஒன்றுக்குத் திரி மூக்கு வாங்கப் போனேன். ஒரு கடையின் உள்ளறையில் மங்கு தட்டுகளுக்குக் கீழே எவர்சில்வர் தூக்கு ஒன்று கிடந்தது. இரண்டு பேர் சோறு கொள்ளும் அளவு. கைப்பிடியின் ஒரு காது நெளிந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். வயிற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. பெயர் வெட்டியவன் விலாசத்தைப் பெரிதாகத் தொடங்கிவிட்டு இடம் போதாமல் கடைசி "ள்" எழுத்தைக் கீழே தனியாக இறக்கிவிட்டிருந்தான்.

அந்த "ள்"-ஐ எனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து ஆறு ஆண்டுகள் மதியச் சோற்றுக்கு என் பக்கத்தில் அந்தத் தூக்கு இருந்தது. "உன் பெயரிலிருந்து ஓர் எழுத்து கிணற்றில் விழுந்துவிட்டது" என்று கேலி செய்வோம். அவள் மூடியால் அதை மறைத்துக்கொள்வாள். 1976-க்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. குழுவின் தாளில் "தகவல் இல்லை" என்று இருக்கும் இருபத்தாறு பேரில் அவளும் ஒருத்தி.

பெயரை இங்கே எழுதமாட்டேன். அவளைக் கேட்காமல் எழுதக்கூடாது.

22 ஆகஸ்ட்

கடைக்காரரிடம் எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டேன். பழம்பொருள் கடையில் இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காது. தூக்கைச் சொன்ன விலைக்கே வாங்கிய பிறகுதான் ஊர் பெயரைச் சொன்னார். அந்த ஊருக்குப் பேருந்தில் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது, பக்கத்து வீட்டு முகப்பில் இருந்த பெரிய ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ கணக்கப்பிள்ளை மகளா?" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு என்னை என் தந்தையாரைக் கொண்டு அடையாளம் கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான். முப்பத்தெட்டுப் பேரில் அவருக்குத் தெரிந்த வீட்டுப் பெண்கள் பதினேழு பேர் எங்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்பதை மூச்சு விடாமல் சொன்னார். நான் பேருந்துச் சீட்டின் பின்பக்கம்வரை எழுதினேன். பள்ளியில் ஒருநாளும் படிக்காதவர் அவர்.

தூக்குக்காரி மலேசியாவில், ஈப்போ பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள்.

23 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒரு வாசகி சுருக்கென்று கேட்டிருக்கிறார்: "பெயர் வெட்டிய பாத்திரமும் அச்சடித்த அழைப்பிதழும் உள்ள வீட்டுப் பெண்களைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நெசவாளர் தெருவிலிருந்தும் சேரியிலிருந்தும் வந்த பெண்கள் உங்களோடு படிக்கவில்லையா?"

படித்தார்கள். அந்தக் கேள்வி எனக்கு முதலில் தோன்றவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். பெரிய ஆச்சி சொன்ன பதினேழு பேரில் அவர்கள் ஒருவர்கூட இல்லை.

27 ஆகஸ்ட்

மூன்று நாள் பள்ளி அலுவலக அலமாரியில் தலையை விட்டிருந்தேன். தூசி ஒரு பக்கம், தும்மல் ஒரு பக்கம். பலன் கிடைத்தது.

படித்து முடித்துப் பல ஆண்டுகள் கழித்துப் பெண்கள் தங்கள் பள்ளிக்குத் திரும்பி வருவது பெரும்பாலும் விழாவுக்காக இல்லை; சான்றிதழுக்காக. வேலையில் சேரும்போது, கடவுச்சீட்டு எடுக்கும்போது, ஓய்வூதியத் தாள்களில் பெயர் ஒத்துப்போகாதபோது, மாற்றுச் சான்றிதழின் இரண்டாம் படி கேட்டு மனு எழுதுகிறார்கள். "திருமணத்துக்கு முன் இன்ன பெயர், இப்போது இன்ன பெயர், இருவரும் ஒருவரே" என்ற உறுதிமொழி அதோடு இருக்கும். சிலர் அரசிதழில் வந்த பெயர்மாற்ற அறிவிப்பின் படியையும் இணைத்திருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில் என்ன பதவி என்பதும் அதிலேயே இருக்கிறது. பதிவேடு தொலைத்த பெண்கள் எல்லாரும் தாங்களே வந்து தங்கள் இரண்டு பெயரையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள்தாம் அதை "இதர கடிதங்கள்" என்ற கட்டில் போட்டு நாடாவால் கட்டிவைத்திருந்தோம்.

நெசவாளர் தெருவிலிருந்து வந்த ஒருவர் மாவட்ட நூலகராக இருந்திருக்கிறார். கிராமச் செவிலியராக முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவரின் மனு, "நான் ஒன்பதாம் வகுப்பில் மதிய உணவுக்கு வரிசையில் முதலில் நின்றவள், தலைமையாசிரியைக்குத் தெரியும்" என்று தொடங்குகிறது. அந்தத் தலைமையாசிரியை காலமாகி அப்போதே பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

30 ஆகஸ்ட்

"புகழ்பெற்ற" என்ற சொல் குழுவில் அடிபட்டது. செவிலியரைப் போடலாமா, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை புகழ்பெற்றவரா என்று இரண்டு மணி நேரம் ஓடியது. சட்டமன்ற உறுப்பினரின் மனைவியை அளவுகோலாக வைத்தால் எல்லாரும் தேறுவார்கள் என்று சொன்னேன். இந்த முறை காபி வரவில்லை. தலைப்பு "பழைய மாணவியரில் சிலர்" என்று மாறியது. அந்த மனைவியும் பட்டியலில் இருக்கிறார். அவரிடம் பேசியபோது தெரிந்தது, கணவர் தோற்ற பிறகு இருபது ஆண்டுகள் பெண்களுக்குத் தட்டச்சுப் பயிலகம் நடத்தியவர் அவர். நான் கேலி செய்ததற்கு அவரிடம் நேரில் வருத்தம் தெரிவித்தேன்; இங்கும் தெரிவிக்கிறேன்.

2 செப்டம்பர்

பட்டியலின் வடிவம் பற்றிக் கேட்டவர்களுக்கு: என் தந்தையாரின் பேரேட்டிலிருந்து எடுத்தேன். ஒருவருடைய கணக்கு வேறு பெயருக்கு மாறினால் பழைய பக்கத்தை அவர் அடிக்கமாட்டார். அடியில் "இப்பற்று வரவு இன்ன பக்கத்துக்குப் போயிற்று" என்று எழுதுவார். புதிய பக்கத்தின் தலையில் "இன்ன பக்கத்திலிருந்து வந்தது" என்று எழுதுவார். இரண்டும் இல்லாவிட்டால் ஆண்டு முடிவில் ஐந்தொகை நேராகாது. அதே முறைதான். முதல் பத்தியில் பள்ளியில் இருந்த பெயரும் விலாசமும், அகரவரிசை அதன்படி. அடுத்த பத்தியில் இப்போதைய பெயர். பிறகு ஊரும் வேலையும். இப்போதைக்கு அறுபத்து நான்கு பேர்.

5 செப்டம்பர்

ஈப்போவிலிருந்து தொலைபேசி. குரல் மாறியிருக்கிறது, சிரிப்பு மாறவில்லை. தூக்கை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னாள். எந்தப் பெயரில் போடப் போகிறாய் என்று கேட்டாள், முறையைச் சொன்னேன். "அந்த 'ள்'-ஐ மேலே ஏற்றிவிடு" என்றாள்.

11 செப்டம்பர்

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்திருக்கிறது. பக்கத்தில் அடங்கவில்லை என்று அங்கிருந்த பையன் முதல் பத்தியை எடுத்துவிட்டு, இப்போதைய பெயர்களை மட்டும் வைத்து அகரவரிசை செய்து அனுப்பியிருக்கிறான். மிக அழகாக, ஒரே பக்கத்தில் அடங்கியிருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அச்சகம் திறக்கும். மெய்ப்பும் தந்தையாரின் பேரேடும் பையில் இருக்கின்றன.